உப்பில்லாத தண்ணீர்

என் அப்பா நீந்துவதை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு 42 வயது, அவருக்கு 73. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் குதித்து விளையாடிய கதையை என் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர்தான். கதையாகவே கேட்டு வளர்ந்ததால், அந்தக் கைகளுக்கும் கால்களுக்கும் அது உண்மையாகவே தெரியும் என்று நான் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. 2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி விடியற்காலை, கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கொன்குயின் பூங்காவில், ஓர் ஏரிக்கரையில் நின்று அதைக் கண்ணால் கண்டேன். கண்ட முதல் அரை நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் நான்கு குடும்பங்கள், பதினேழு பேர். என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்த தோழி ஒருத்தி, என் கணவரின் வேலைத்தல நண்பர், டொரொன்டோவின் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் கோண்டாவில் அக்கா ஆகியோரின் குடும்பங்கள், எங்கள் வீட்டில் அப்பா அம்மாவோடு ஆறு பேர். ஒன்ராறியோப் பூங்காக்களில் கூடாரம் அடிக்கும் இடத்தைச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன்பு காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுவார்கள். ஆகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு இடம் வேண்டுமென்றால் மார்ச் 2ஆம் திகதி விழித்திருக்க வேண்டும். வெளியே பனி கிடந்தது. நான்கு வீட்டிலும் நான்கு கணினிகளுக்கு முன்னால் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். ‘லேக் ஆஃப் டூ ரிவர்ஸ்’ ஏரிக்கரையில் மூன்று இடங்கள் பக்கம் பக்கமாகவும் ஒன்று சற்றுத் தள்ளியும் கிடைத்தன. கோண்டாவில் அக்கா போனில் அழுதேவிட்டார். அவருக்குத்தான் அந்தத் தள்ளி இருந்த இடம் கிடைத்தது. பிறகு அதை நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது, “வீடு இருக்கும்போது எதற்கு வெளியே போய்ப் படுக்க வேண்டும்?” என்று. நியாயமான கேள்வி. 1990இல் போர் துரத்த, மாவிட்டபுரத்தில் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்த பெண் அவர். அதற்குப் பிறகு எத்தனை இடங்களில் வெளியே படுத்தார் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்வார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, அதுவரை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து ஒன்றுதான் கேட்டார்: “அது நல்ல தண்ணீரா?”

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். தண்ணீரில் இரண்டே சாதிதான் எங்களுக்கு. நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு மதிப்பே தனி. ஏரி என்றால் நல்ல தண்ணீர்தான் அப்பா, குடிக்கிற சாதி, என்றேன். “அவ்வளவு பெரிய இடத்திலா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார். அவர் வருவதற்குச் சம்மதித்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. அவர் வந்தால் அம்மாவும் வருவார்.

வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலை முழுதும் எங்களைப் போலவே கூரையில் மூட்டை கட்டிய கார்கள். மூன்று மணி நேரத்துப் பாதைக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. வடக்கே போகப் போக, சாலைக்காக வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர்கள் இரு பக்கமும் எழுந்துவந்தன. இளஞ்சிவப்பும் சாம்பலுமாகக் கோடு கோடாக ஓடும் பாறை. அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில், 1990இல் அது நின்றுபோகும்வரை, இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, உடைத்து, அரைத்து, சுட்ட இடம் அது. கல் அவருக்குப் பரிச்சயம்.

ஹன்ட்ஸ்வில் தாண்டியதும் என் சின்னவன், “அம்மப்பா, யாழ்ப்பாணத்தில் எத்தனை ஏரி இருக்கிறது?” என்று கேட்டான். பள்ளியில் ஒன்ராறியோவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் அதை யாரும் அதுவரை சொல்லித்தரவில்லை. “எங்கள் ஊர்க் கல் சுண்ணாம்புக்கல். அது மழையைக் குடித்துவிடும். தண்ணீர் கல்லுக்குள்ளே ஓடும், அதனால் நாங்கள் கிணறு வெட்டினோம். இந்தக் கல்லைப் பார். இது ஒரு சொட்டும் குடிக்காது. பெய்ததெல்லாம் மேலேயே நிற்கிறது.” யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாததும், இந்தப் பூங்காவுக்குள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் கிடப்பதும் ஒரே கேள்வியின் இரண்டு விடைகள் என்று அந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறைகள் இந்தக் கல்லைச் சுரண்டிக் குழிகளாக்கிவிட்டுப் பின்வாங்கின. அந்தக் குழிகள்தான் நிறைந்து நிற்கின்றன.

இருட்டுவதற்குள் கூடாரங்களை எழுப்பினோம். கணவரும் நண்பர்களும் கம்பிகளோடும் கையேட்டோடும் போராடிக்கொண்டிருக்க, அப்பா ஒரு தறப்பாளை எடுத்து நான்கு பைன் மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டினார். ஒரு பக்கம் உயர்த்தி ஒரு பக்கம் தாழ்த்தி, தாழ்ந்த மூலையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார். இரவு பத்து மணிக்கு மழை வந்தது. புதுக் கூடாரம் இரண்டில் தண்ணீர் புகுந்தது. பதினேழு பேரும் அந்தத் தறப்பாளின் கீழ் வந்து நின்றோம். மழை அந்த ஒரு மூலையால் கயிறு போல வழிந்து போனது. எங்கே பழகினார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கூழ்.

கூழை முதலில் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வைத்திருந்தோம். அப்பா அதை மாற்றினார். “ஞாயிறு ஆடி அமாவாசை. மச்சம் கூடாது” என்றார். ஊரில் என்றைக்கோ, அன்றைக்குத்தான் அவருக்கு. ஆகவே மீனும் நண்டும் இறாலும் கணவாயும் சனிக்கிழமைக்கு நகர்ந்தன. கரடிகள் உலாவும் காட்டில், பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியற்கூழ் காய்ச்சலாமா என்று பல நாள் யோசித்தேன். பூங்கா விதி தெளிவானது. மணம் வருகிற எதையும் வெளியே விடக்கூடாது. சாப்பாடு, குளிர்பெட்டி, சவர்க்காரம், பற்பசைகூட இரவில் காருக்குள் போக வேண்டும். கரடி ஒருமுறை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்டால் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட நேரும். பிழை நம்முடையது, சாவு அதனுடையது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது அவர்கள் எங்களைவிடக் கண்டிப்பான காவலர்கள் ஆனார்கள். சிந்திய இறால் தோலைக்கூடப் பொறுக்கினார்கள்.

அம்மா வீட்டிலிருந்தே ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து, போத்தலில் கொண்டுவந்திருந்தார். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு இன்னொரு போத்தலில். எரிவாயு அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, ஒரு கைப்பிடி அரிசியும் பலாக்கொட்டையும் போட்டார். அவை அரைவேக்காடு வந்ததும் மரவள்ளிக்கிழங்கும் பயிற்றங்காயும். பிறகு மீன் தலைகள், இரண்டாகப் பிளந்த நண்டு, கணவாய், கடைசியில் இறால். முருங்கையிலைக்குப் பதிலாகப் பசளி. எல்லாம் வெந்து நண்டு சிவந்தபின், ஒடியல் மாவைப் பழப்புளியில் கரைத்து, மிளகாய்க் கூட்டோடு மெதுவாக ஊற்றினார். ஊற்றும்போது இன்னொருவர் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கட்டிபட்டுவிடும். அந்த வேலையை என் மகளுக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வயது. ஆவிக்குக் கண் கலங்க, இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு துழாவினாள். பானைக்குள் முதலில் மீன்குழம்பு போல ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனத்து, குமிழி பெரிதாகி, ‘பொளக்’ என்று வெடிக்கத் தொடங்கியது. பனங்கிழங்கின் அந்தப் புகைந்த மண் மணம் எழுந்தது. பைன் மரங்களுக்கு நடுவில் அதை முகர்ந்தபோது கோண்டாவில் அக்கா பானையைப் பார்க்காமல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பனையோலைப் பிளா இல்லை. தகரக் கோப்பையில் வார்த்து, வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து குடித்தோம். கூழைத் தனியாகக் குடிக்க முடியாது என்று அம்மா எப்போதும் சொல்வார். அதைக் காய்ச்சுகிற பானைக்கே குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஸ்காபரோவில் இருந்தும் நாங்கள் நான்கு வீட்டாரும் இப்படி ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்தது அதற்கு முன்பு எப்போது என்று யோசித்தோம். யாருக்கும் நினைவு வரவில்லை.

குடித்து முடித்ததும் இருட்டுக்கு முன்பே நண்டுக் கோதையும் மீன் முள்ளையும் இரட்டைப் பையில் கட்டி, கரடி திறக்க முடியாத இரும்புக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனோம். பானையை ஏரியில் கழுவவில்லை. கழுவிய நீரை அதற்கென உள்ள இடத்தில் ஊற்றினோம். மாலையில் சுற்றுக்கு வந்த பூங்காக் காவலர் எங்கள் இடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றிரவு நிலவு இல்லை. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகள் பால்வீதியை முதன்முறையாகப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் வரிசையாக ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள், வெகு நேரம் யாரும் பேசவில்லை. அப்போது ஏரியின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நீளமாக, ஏறி இறங்கி. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “யாருடைய பிள்ளை அழுகிறது?” அது லூன் பறவை, கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது. சின்னவன் நாணயத்தை எடுத்து அம்மம்மாவின் கையில் வைத்து, டார்ச் அடித்துக் காட்டினான். அம்மா இருபது வருடமாகக் கடையில் கொடுத்து வாங்கிய நாணயம். “இதுவா இப்படி அழுகிறது?” என்று மறுபடியும் மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

ஞாயிறு விடியற்காலை ஆறு மணி இருக்கும். கூடாரத்தின் ஸிப் திறக்கும் ஓசை கேட்டு விழித்தேன். அப்பா நாலுமுழ வேட்டியும் தோளில் துவாயுமாகப் போய்க்கொண்டிருந்தார். என் கணவரை எழுப்பிவிட்டு நான் பின்னால் ஓடினேன். ஏரியின் மேல் புகை போல நீராவி. தண்ணீர் தேநீர்ச் சாயம். சதுப்புகளில் இலையும் பட்டையும் ஊறி இறங்கும் நிறம் அது, அழுக்கு இல்லை. அப்பா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கொப்பளித்துத் துப்பினார். “உப்பில்லை” என்றார், நான் ஐந்து மாதத்துக்கு முன்பு சொன்னதை அப்போதுதான் நம்பியவரைப் போல.

ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்களின் நாள். ஊரில் அன்றைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடுவார்கள். கடலோரத்திலேயே நன்னீர் ஊற்று. மதிலுக்கு இந்தப் பக்கம் கேணி, அந்தப் பக்கம் அலை. அப்பப்பா 1993இல், ஊருக்குத் திரும்பாமலே, இன்னொருவர் வீட்டு விறாந்தையில் காலமானார். அப்போது கீரிமலை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தகப்பன் நீச்சல் பழக்கிய கேணியில் அப்பாவால் ஒருமுறைகூடச் செய்ய முடியவில்லை.

மடியிலிருந்து ஒரு சிறிய கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். எள். என்னைப் பார்த்தார். “போடலாமா?” நான் தயங்கினேன். முந்தைய நாள் முழுதும் ஏரிக்குள் எதையும் போடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். ஒரு சிட்டிகை எள் ஏரியை என்ன செய்துவிடும் என்றும் மனம் சொன்னது. என் முகத்தைப் பார்த்தே அவர் முடிவெடுத்துவிட்டார். “தண்ணீர் போதும்” என்று பொட்டலத்தை மறுபடியும் மடியில் செருகிக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரு கையாலும் அள்ளி வார்த்தார். தன் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர். பூட்டனின் பெயரை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

பிறகு வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கழுத்தளவுக்குப் போனார். ஒரு முறை முழுகி எழுந்தார். இரண்டாவது முறை முழுகி எழுந்தார். மூன்றாவது முழுக்கில் எழவில்லை.

வட்ட வட்டமாக விரிந்த அலை அடங்கியது. நான் கத்தியது எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. முழங்கால்வரை ஓடினேன், அதற்கு மேல் கால் போகவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அந்த வெட்கத்தை எந்த நாளும் மறக்கமாட்டேன்: அப்பா தண்ணீருக்குள், நான் முழங்கால் ஆழத்தில். இந்த ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர்களும் கிடையாது. என் கணவர் நண்பரின் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நாலைந்து பாகம் தள்ளி, ஒரு நரைத்த தலை மேலே வந்தது. வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, “படிக்குப் படி சுழியோடுவோம், ஒரே மூச்சில்” என்றார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் குரல் அது. கேணியின் ஒரு பக்கப் படியிலிருந்து மறுபக்கப் படிக்கு.

திட்டினேன். அழுதுகொண்டே திட்டினேன். 73 வயதில், முப்பத்து நான்கு வருடம் நீந்தாத உடம்போடு, சொல்லாமல் சுழியோடுவது பெரிய பிழை. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அவர் கரைக்கு வரவில்லை. கரையோரமாகவே, வள்ளம் பக்கத்தில் மிதந்துவர, நீந்தத் தொடங்கினார். தலையை நிமிர்த்தி, ஒரு தோளைச் சாய்த்து, ஒவ்வொரு கையையும் தண்ணீரில் வைப்பது போல வைத்து இழுத்தார். அவசரம் இல்லை. குளிர்காலத்தில் தெருவில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர். பனி வழுக்கும் என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் அவரை இத்தனை வருடமாக எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் இருந்தவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். மாநகராட்சி நீச்சல் குளத்தில் வகுப்பு வகுப்பாகத் தேறிய என் மகள் சிறிது நேரம் கவனித்துவிட்டு, “அம்மப்பா, முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்” என்றாள். “முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் யார் வருகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?” என்றார் அப்பா. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நீந்தினார்கள், அவள் முகத்தைப் புதைத்தும் அவர் நிமிர்த்தியும்.

கரையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: எனக்கு ஏன் யாரும் பழக்கவில்லை? போர் என்ற பதில் வாயிலேயே இருக்கிறது. எட்டு வயதில் ஊரை விட்டோம், கேணி போனது, கடலும் போனது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்து, நீந்தத் தெரியாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். அன்று கரையில் இருந்த எட்டுப் பெரியவர்களில் நீந்தத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஆனால் அம்மா போரைச் சொல்லவில்லை. “பெண்கள் கேணி தனியாக, மதில் கட்டி இருந்தது. நாங்கள் இறங்கி முழுகிவிட்டு ஏறிவிடுவோம். நீந்துவதற்கு யார் விட்டார்கள்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் படியில்தான் வைத்திருப்பேன்” என்றார். அம்மா இப்படி உள்ளதை உள்ளபடி சொல்வதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

மத்தியானம் நான் இறங்கினேன். அப்பா என் முதுகுக்குக் கீழே கை வைத்து, “மல்லாந்து படு, ஆகாயத்தைப் பார்” என்றார். இடுப்பு கீழே போனது. மறுபடியும் போனது. பத்துப் பன்னிரண்டு தடவை. காதுக்குள் தண்ணீர் போனதும் நான் துள்ளி எழுந்துவிடுவேன், அவர் கை அங்கேயே காத்திருக்கும். கடைசிவரை நான் மிதக்கவில்லை. அப்பாவின் உதடு நீலம்பாரித்த பிறகுதான் இருவரும் ஏறினோம். அன்று இரவு மரக்கறிச் சாப்பாடு, பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கீரையும். பிள்ளைகளுக்கு நெருப்பில் சோளம்.

திங்கட்கிழமை காலை கூடாரங்களைப் பிரித்தோம். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே கயிற்றில் கிடந்த அப்பாவின் வேட்டி இன்னும் காயவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். வழி முழுதும் அவர் நித்திரை.

வீட்டில் துவைக்க எடுத்தபோது வேட்டி மடிப்பிலிருந்து அந்தப் பொட்டலம் விழுந்தது. கடதாசி கூழாகியிருந்தது, எள் மட்டும் அப்படியே, ஊறிப் பருத்து. என்ன செய்வது என்று அப்பாவிடம் காட்டினேன். வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கத்தரிக் கன்றுகளின் அடியில் விரலால் கோடு கீறி, எள்ளைத் தூவி, மண்ணை மூடினார். பிறகு குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் அள்ளி வார்த்தார்.